பசிக்கச் சொல்வது யார்? உடல் எடையை ஆளும் ஹார்மோன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை கூடியவரைப் பார்த்தால் ‘வாயைக் கட்டு’ என்று சொல்லாதவர்கள் குறைவு. சாப்பிடுவதும் நிறுத்துவதும் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொல்லப்படும் அறிவுரை அது. கடந்த நூறு ஆண்டு ஆய்வுகள் அந்த நம்பிக்கையை அடியோடு அசைத்துவிட்டன. கொழுப்பும் குடலும் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பசி அந்தச் செய்திகளின் விளைவு. அதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளின் வழியே இங்கே சொல்கிறேன்.

வயிறு காலியானால் பசிக்கிறது. இதில் ஹார்மோனுக்கு என்ன வேலை?

வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1912-இல் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வாஷ்பர்ன் குழாயில் கட்டிய ரப்பர் பலூனை விழுங்கிப் பழகிக்கொண்டார். அது இரைப்பைக்குள் இருக்கும்போது தனக்குப் பசி கிள்ளும் நேரங்களைக் குறித்தார். இரைப்பை சுருங்கிய நேரமும் பசி கிள்ளிய நேரமும் பொருந்திப்போயின. ஆகவே இரைப்பை சுருங்குவதுதான் பசி என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆனால் நோய் காரணமாக இரைப்பையை முழுதாக அகற்றியவர்களுக்கும் பசி வருகிறது. அப்படியானால் செய்தி போக இன்னொரு வழியும் இருந்தாக வேண்டும். அந்த வழி இரத்தம்.

இரத்தத்தில் செய்தி போகும் என்பது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நிரூபணமாகியிருந்தது. 1902-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேய்லிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குப் போகும் நரம்புகளையெல்லாம் துண்டித்துவிட்டு, அந்தக் குடலுக்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பு இல்லாதபோதும் கணையம் சுரந்தது. குடலிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து கணையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குச் செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். 1905-இல் இத்தகைய பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயராக ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் முன்வைத்தார். ‘தூண்டிவிடுகிறேன்’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஹார்மோன் என்ற சொல்லே குடலை ஆராய்ந்தவர்களிடமிருந்துதான் பிறந்திருக்கிறது. ஆனாலும் குடல் ஹார்மோன் ஒன்று பசியைக் குறைக்கும் என்பது நிறுவப்பட மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின.

மூளையில் பசிக்கென்று தனி இடம் உண்டா?

உண்டு. மூளையின் அடிப்பகுதியில், மூக்குக்குப் பின்னால் நேர்கோட்டில் உள்ளே போனால் வரும் சின்னஞ்சிறு பகுதி. ஹைப்போதலாமஸ் என்பது அதன் பெயர்.

முதல் தடயம் நோயாளிகளிடம் கிடைத்தது. பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டிக் கட்டி வளர்ந்த ஒரு சிறுவன் அளவு மீறிப் பருத்ததை 1901-இல் வியன்னாவில் ஆல்ஃபிரெட் ஃப்ரோலிக் விவரித்தார். குற்றவாளி பிட்யூட்டரியா, அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸா என்ற வாதம் நாற்பது ஆண்டு நடந்தது. 1940-இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் பிட்யூட்டரியைத் தொடாமல் ஹைப்போதலாமஸில் மட்டும் நுண்ணிய காயம் ஏற்படுத்தினார்கள். எலிகள் பெருத்தன. வாதம் தீர்ந்தது.

1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இந்திய உடலியலாளர் பி. கே. ஆனந்தும் ஜான் ப்ரோபெக்கும் அதே ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்துப் பார்த்தார்கள். இம்முறை எலிகள் சாப்பிடுவதையே நிறுத்தின. கண்ணெதிரே உணவு இருந்தும் அவை தீண்டவில்லை. பசி மையம், நிறைவு மையம் என்ற இரண்டு பெயர்களும் பாடநூல்களில் ஏறியது இப்படித்தான். ஆனந்த் பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையைக் கட்டியெழுப்பினார்.

இரண்டு மையங்கள் என்ற படம் எளிமைப்படுத்தப்பட்டது என்று இன்று தெரியும். ஹைப்போதலாமஸின் அடியில் இரண்டு வகை நரம்பணுக்கள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒன்று உண்ணத் தூண்டுகிறது, மற்றது அடக்குகிறது. இனி சொல்லப்போகும் ஹார்மோன்களில் பலவும் அங்கே வந்துதான் தங்கள் சேதியைச் சொல்கின்றன.

உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பது மூளைக்கு எப்படித் தெரியும்?

இந்தத் துறையையே திறந்துவிட்ட கேள்வி இது. 1953-இல் கார்டன் கென்னடி ஒரு கருத்தை முன்வைத்தார்: கொழுப்பின் அளவுக்கு ஏற்ப இரத்தத்தில் ஏதோ ஒன்று ஏறி இறங்குகிறது, மூளை அதைப் பார்த்துப் பசியைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று அவருக்குத் தெரியாது.

1959-இல் ஹெர்வி செய்த சோதனை அதற்கு வலுச் சேர்த்தது. இரண்டு எலிகளை அறுவை மூலம் பக்கவாட்டில் ஒட்டவைத்து, ஒன்றின் இரத்தம் சிறிதளவு மற்றதற்குள் போகும்படி செய்தார். பிறகு ஒரே ஒரு எலியின் ஹைப்போதலாமஸைச் சிதைத்தார். சிதைக்கப்பட்ட எலி தின்று தின்று கொழுத்தது. ஒட்டியிருந்த மற்ற எலியோ உணவைக் குறைத்து எலும்பும் தோலுமாய் ஆனது. கொழுத்தவனின் இரத்தத்தில் ‘போதும்’ என்ற சேதி பெருகிக்கொண்டே போகிறது. அவனுடைய மூளைக்கு அது கேட்கவில்லை, பக்கத்திலிருப்பவனின் மூளைக்குக் கேட்கிறது.

கோல்மனின் சுண்டெலிச் சோதனை என்று சொல்கிறார்களே, அது என்ன?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. சுண்டெலி வளர்ப்பில் பேர்போன இடம். 1949-இல் அங்கே ஒரு சுண்டெலி விசித்திரமாகப் பருத்திருந்தது. சூல் கொண்டிருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். பார்த்தால் அது ஆண். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிழைதான் காரணம் என்று கண்டு, பருத்த என்ற பொருள் தரும் ‘ஒபீஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி அந்த வகைக்கு ‘ஓபி’ என்று பெயர் வைத்தார்கள். இந்த வகைச் சுண்டெலிகள் சாதாரணச் சுண்டெலியைப்போல மூன்று மடங்கு எடை போடக்கூடியவை. 1960-களில் இன்னொரு பருத்த வகை தோன்றியது. அதற்குக் கடுமையான சர்க்கரை நோயும் இருந்ததால், ‘டயாபடீஸ்’ என்பதன் சுருக்கமாக ‘டிபி’ என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. மரபணுக்கள் வேறு வேறு குரோமோசோம்களில்.

டக்ளஸ் கோல்மன் இவற்றை ஒட்டவைத்துப் பார்த்தார். டிபி சுண்டெலியைச் சாதாரணச் சுண்டெலியுடன் இணைத்தபோது சாதாரணச் சுண்டெலி பட்டினி கிடந்து செத்தது. டிபியை ஓபியுடன் இணைத்தபோது ஓபி பட்டினியால் செத்தது. டிபி மட்டும் எதுவும் நடக்காததுபோலத் தின்றுகொண்டிருந்தது. ஓபியைச் சாதாரணச் சுண்டெலியுடன் இணைத்தபோது யாரும் சாகவில்லை. ஓபி கொஞ்சம் குறைவாகத் தின்றது, எடை கூடுவதும் மட்டுப்பட்டது.

இந்த மூன்று முடிவுகளையும் வைத்து நீங்களே யோசித்துப் பார்க்கலாம். விடை ஒன்றுதான் வரும். ஓபிக்குச் சேதியை உண்டாக்கத் தெரியவில்லை, வந்தால் கேட்கத் தெரியும். டிபிக்குச் சேதி ஏராளமாக உண்டாகிறது, கேட்கும் காது இல்லை. ஒருவரிடம் ஹார்மோன் இல்லை. இன்னொருவரிடம் அந்த ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி இல்லை. 1973-இல் கோல்மன் எழுதிய முடிவு இது. ஹார்மோனைக் கண்ணால் பார்க்காமலே, எந்தக் கருவியும் அதை அளக்காமலே, அதன் இருப்பையும் குணத்தையும் சொல்லிவிட்டார். உயிரியலில் இதைவிடத் தெளிவான தர்க்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பருமன் என்றால் நடத்தைக் கோளாறு என்றே அக்காலத்தில் பலர் நம்பினார்கள்; அவர் சொன்னதை ஏற்கத் தயங்கினார்கள்.

அந்த ஹார்மோன் எப்போது கையில் சிக்கியது?

1994-இல். கோல்மன் பல ஆண்டுகள் தேடியும் அவருக்கு அது சிக்கவில்லை. இரத்தத்தில் அதன் அளவு மிகமிகக் குறைவு. பொருளைத் தேடுவதைவிட, அதை உண்டாக்கும் மரபணுவைத் தேடுவது மேல் என்று முடிவு செய்தவர் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஃப்ரீட்மன். 1980-களின் நடுவில் ருடால்ஃப் லீபெலுடன் சேர்ந்து தொடங்கினார். மனித மரபணுத் தொகுப்பின் வரைபடம் இல்லாத காலம் அது. ஓபி மரபணு சுண்டெலியின் ஆறாம் குரோமோசோமில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். நூற்றுக்கணக்கான சுண்டெலிகளை இனக்கலப்புச் செய்து, எல்லையை மெல்ல மெல்லக் குறுக்கிக்கொண்டே வந்தார்கள். எட்டு ஆண்டு உழைப்பு.

1994 மே 8, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலையில் இருட்டறையில் ஒரு ஃபிலிமைக் கழுவிப் பார்த்த ஃப்ரீட்மனுக்கு விடை தெரிந்தது. அந்த மரபணு கொழுப்புத் திசுவில்தான் இயங்குகிறது. ஒரு வகை ஓபி சுண்டெலியில் அது சுத்தமாக இயங்கவில்லை. இன்னொரு வகையில் பழுதான புரதத்தை உண்டாக்க வீணாய் அளவு மீறி இயங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் யியிங் ஜாங்.

ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர். ‘லெப்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் மெல்லிய என்று பொருள். 1995-இல் லெப்டின் ஊசி போடப்பட்ட ஓபி சுண்டெலிகள் மளமளவென்று இளைத்தன. அதே ஆண்டு லெப்டினின் ஏற்பியும் கண்டுபிடிக்கப்பட்டது. டிபி சுண்டெலியில் பழுதானது அந்த ஏற்பியின் மரபணுவேதான் என்பது விரைவில் உறுதியானது. கோல்மன் சொன்னது இருபது ஆண்டு கழித்து எழுத்துக்கு எழுத்து பலித்தது.

இதில் இன்னொரு பெரிய மாற்றமும் அடங்கியிருக்கிறது. கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் சேமிப்பு மூட்டை என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். அதுவும் ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்று மருத்துவம் அன்றுதான் முழுமையாக ஒப்புக்கொண்டது.

மனிதர்களிடமும் இது உண்மையா?

உண்மை. 1997-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலி, சதாஃப் ஃபரூக்கி குழுவினர் ஒன்றுவிட்ட சகோதர உறவுள்ள இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுப் பையனின் எடை 29 கிலோ. இருவரும் பிறக்கும்போது சாதாரண எடையில் இருந்தவர்கள். சாப்பிட்டு முடித்தவுடன் மறுபடியும் பசி என்று அழும் குழந்தைகள். இரத்தத்தில் லெப்டின் ஏறக்குறைய இல்லவே இல்லை.

அந்தச் சிறுமிக்கு ஒன்பதாம் வயதில், 94 கிலோ எடை இருக்கும்போது, தினமும் லெப்டின் ஊசி போடத் தொடங்கினார்கள். ஓர் ஆண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். எடையைக் காட்டிலும் என்னைத் தொடுவது அவளுடைய உணவுப் பழக்கம் மாறிய வேகம்தான். சில நாள்களிலேயே மற்றக் குழந்தைகளைப்போல அளவாகச் சாப்பிட்டு எழுந்தாள். அவளுக்கு யாரும் புதிதாக மன உறுதியைக் கற்றுக்கொடுக்கவில்லை. இல்லாத ஒரு புரதத்தைக் கொடுத்தார்கள். பெருந்தீனி தின்பவர்கள் என்று அதுவரை ஏச்சு வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேருக்கு இப்படி ஒரு காரணம் உள்ளே இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அப்படியானால் பருமனாக உள்ள எல்லோரும் லெப்டின் ஊசி போட்டுக்கொள்ளலாமே?

1995-இல் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அதன் உரிமத்துக்காக அம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்தது. ஆனால் இரத்தத்தில் லெப்டினை அளந்து பார்த்தபோது கிடைத்த முடிவு தலைகீழாக இருந்தது. பருமனான பெரும்பாலானோருக்கு லெப்டின் குறையவில்லை, கூடுதலாகவே இருக்கிறது. கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு லெப்டின். 1999-இல் வெளிவந்த சோதனையில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாகச் சொற்ப எடையே குறைந்தது. சேதி உரக்கவே ஒலிக்கிறது; மூளைக்குக் காது மந்தமாகிவிட்டது. இதை லெப்டின் எதிர்ப்பு நிலை என்கிறார்கள்.

லெப்டின் எதற்காக இருக்கிறது என்பதையே நாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று நான் கருதுகிறேன். 1996-இல் ஜெஃப்ரி ஃப்ளையர் குழுவினர் சுண்டெலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். பட்டினியில் லெப்டின் சட்டென்று வீழ்கிறது. கூடவே தைராய்டு ஹார்மோன் குறைகிறது. இனப்பெருக்க ஹார்மோன்கள் அடங்குகின்றன. உடல் சிக்கனத்துக்கு மாறுகிறது. பட்டினியின்போதே லெப்டினை வெளியிலிருந்து கொடுத்தால் அந்த மாற்றங்கள் பெருமளவு மட்டுப்படுகின்றன. ஆக, லெப்டின் ஏறுவதைவிட இறங்குவதுதான் மூளைக்குப் பெரிய செய்தி. ‘கையிருப்பு தீர்கிறது, உயிரைக் காப்பாற்றிக்கொள்’ என்ற பஞ்ச கால மணி அது. மிதமிஞ்சிய உணவைத் தடுப்பதற்காக அது உருவாகவில்லை. உணவு கிடைப்பது அரிதாக இருந்த நெடுங்காலத்தில் அதற்கான தேவையும் பெரிதாக எழவில்லை.

மிகவும் மெலிந்துபோன பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடுவதற்கும் இந்த மணிக்கும் தொடர்பு உண்டு.

லெப்டின் மருந்தாகாமலும் போகவில்லை. உடலில் கொழுப்புத் திசுவே சரியாக உருவாகாத அரிய நோய் ஒன்று இருக்கிறது. அந்த நோய் உள்ளவர்களுக்குக் கொழுப்பு சேர இடமில்லாமல் கல்லீரலிலும் தசையிலும் படிகிறது. அடங்காப் பசியும் கடுமையான சர்க்கரை நோயும் வருகின்றன. 2014-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவர்களுக்காக லெப்டின் ஊசியை அனுமதித்தது. இளைக்க வைக்கும் மருந்து என்று வந்தது, கொழுப்பில்லாதவர்களுக்குக் கைகொடுத்தது.

பசியைத் தூண்டும் ஹார்மோன் எது?

கிரெலின். ஜப்பானில் ஒசாகா பகுதியிலுள்ள தேசிய இருதய நோய் மையத்தின் ஆய்வகத்தில் மசயாசு கோஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் 1999-இல் கண்டுபிடித்தார்கள்.

அவர்கள் பசியைத் தேடிப் போகவில்லை. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் ஓர் ஏற்பி 1996-லேயே தெரியவந்திருந்தது. பூட்டு கிடைத்துவிட்டது, அதன் சாவி எது என்று தெரியவில்லை. மூளையில் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார்கள். ஒவ்வொரு உறுப்பின் சாற்றையும் அந்த ஏற்பியிடம் காட்டிப் பார்த்தபோது இரைப்பையின் சாறுதான் பூட்டைத் திறந்தது. 28 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி அது. மூன்றாவது கண்ணியில் எட்டுக் கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் ஒட்டியிருந்தது. அந்தக் கொழுப்பு வால் இல்லாவிட்டால் ஏற்பி அதைக் கண்டுகொள்வதில்லை.

அடுத்த ஆண்டே மத்தியாஸ் ட்ஷொப், கிரெலின் கொடுத்த எலிகளும் சுண்டெலிகளும் எடை கூடுவதைக் காட்டினார். 2001-இல் லண்டனில் மனிதர்களுக்குச் செலுத்தியபோது அவர்கள் வழக்கத்தைவிட 28 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதே ஆண்டு டேவிட் கம்மிங்ஸ் நாள் முழுவதும் இரத்தத்தைச் சோதித்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் சற்று முன்பு கிரெலின் ஏறுவதையும் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் இறங்குவதையும் படம் போட்டுக் காட்டினார். பசி நேரம் தவறாமல் வருவதற்கு இது ஒரு காரணம்.

கிரெலினைத் தடுத்துவிட்டால் பசி நின்றுவிடுமா?

இல்லை. கிரெலின் மரபணுவே நீக்கப்பட்ட சுண்டெலிகள் ஏறக்குறைய இயல்பாகவே சாப்பிட்டு வளர்ந்தன. உண்ணுதல் உயிர்வாழ்வோடு சம்பந்தப்பட்டது. உடல் அதை ஒரே கயிற்றில் தொங்கவிடவில்லை. ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்கும். எதிர்த்திசையில் கிரெலின் பயன்பட்டது: புற்றுநோயால் பசி மங்கி உருக்குலைபவர்களுக்காக, கிரெலினைப்போல வேலை செய்யும் அனமோரெலின் என்ற மருந்தை ஜப்பான் 2021-இல் அனுமதித்தது.

‘போதும்’ என்று சொல்லும் ஹார்மோன்கள் எவை?

குடலில் பல இருக்கின்றன. முதலில் அடையாளம் காணப்பட்டது கொலிசிஸ்டோகைனின். பித்தப்பையைச் சுருக்கும் பொருள் என்று 1928 முதலே அதை அறிவார்கள். அது எலிகளின் உணவைக் குறைக்கிறது என்று 1973-இல் கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும் காட்டினார்கள். பசியை அடக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். ஆனால் எலிகள் வேளைக்குக் கொஞ்சமாகத் தின்று, அதிக வேளைகள் தின்று கணக்கைச் சரிசெய்துகொண்டன.

பெப்டைடு ஒய்ஒய் என்பது இன்னொன்று. குடலின் கீழ்ப்பகுதியில் சுரப்பது. 2002-இல் ரேச்சல் பேட்டர்ஹாம் அதன் ஒரு வடிவத்தை மனிதர்களுக்குச் செலுத்தி, ஒரு நாள் உணவு மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் கண்டார். எலிகளில் அந்த விளைவு பல ஆய்வகங்களில் திரும்பக் கிடைக்காமல் பெரிய சர்ச்சையானது. இந்தத் துறையில் இப்படி நடப்பதுண்டு. 1998-இல் பசி ஹார்மோன் என்று வந்த ஓரெக்சின், பசியைவிட விழிப்பை ஆளும் பொருள் என்று பின்னர் தெரிந்தது. இன்று அதன் வழியைத் தடுக்கும் மருந்துகள் தூக்கமின்மைக்குக் கொடுக்கப்படுகின்றன.

இப்போது பேசப்படும் எடை குறைப்பு ஊசிகள் எந்த ஹார்மோனிலிருந்து வந்தவை?

ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனிலிருந்து. அதன் கதை ஒரு மீனில் தொடங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜோயல் ஹேபனர், தூண்டில் மீன் என்ற கடல் மீனின் கணையத்தில், இரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற ஹார்மோனின் மரபணுவைப் படித்தார். அந்த மரபணுவில் குளுக்ககானோடு, அதைப்போலவே இருக்கும் இன்னொரு பொருளுக்கான குறிப்பும் இருந்தது. பாலூட்டிகளின் மரபணுவிலும் அத்தகைய பொருள் தென்பட்டது. அந்த நீண்ட சங்கிலியில் எந்தத் துண்டு செயலாற்றும் வடிவம் என்று சரியாகக் கணித்து, அதை ஆய்வகத்தில் உருவாக்கி, குடலில் இருப்பதையும் காட்டியவர் வேதியியலாளர் ஸ்வெட்லானா மோய்சோவ். கோபன்ஹேகனில் யென்ஸ் யூல் ஹோல்ஸ்ட் தனிவழியில் அதே முடிவை எட்டினார். 1987-இல் இரு தரப்பும் இன்சுலின் சுரப்பை அது தூண்டுவதை வெளியிட்டார்கள். காப்புரிமைகளில் முதலில் மோய்சோவின் பெயர் இல்லை. நெடுநாள் போராடித்தான் அதைச் சேர்க்க வைத்தார். 2024-இல் ஹேபனர், மோய்சோவ், பின்னாளில் இதை நீடித்து நிற்கும் மருந்தாக்கிய லோட்ட பியர் நூட்சன் மூவருக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தபோது அந்தக் குறை ஓரளவு நீங்கியது.

சர்க்கரை நோய்க்கு மருந்தாகும் என்று உடனே புரிந்தது. ஒரு தடை இருந்தது: இரத்தத்தில் கலந்த இரண்டே நிமிடங்களில் ஒரு நொதி அதில் பாதியைச் சிதைத்துவிடும். அதை மருந்தாக்க நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும்.

முதல் தீர்வு பல்லியின் விஷத்தில் கிடைத்தது. அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் எக்செண்டின்-4 என்ற பொருள் இருப்பதை 1992-இல் மருத்துவர் ஜான் எங் அறிவித்தார். ஜிஎல்பி-1 செய்யும் வேலையை அதுவும் செய்தது. ஆனால் அந்த நொதியால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. 2005-இல் அது எக்செனடைடு என்ற பெயரில் மருந்தானது. இரண்டாம் தீர்வு நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தில் நூட்சனின் குழு கண்டது. ஹார்மோனில் ஒரு கொழுப்பு அமிலத்தைக் கட்டிவிட்டார்கள்; அது இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சுற்றும். லிராகுளூட்டைடு ஒரு நாள் தாங்கியது. செமாகுளூட்டைடு ஒரு வாரம் தாங்குகிறது.

சர்க்கரை நோய் மருந்துக்குள் எடை குறைப்பு எங்கிருந்து வந்தது? 1996-இல் லண்டனில் ஸ்டீஃபன் ப்ளூம் குழுவினர் ஜிஎல்பி-1-ஐ எலிகளின் மூளையில் செலுத்தியபோது அவை உணவைக் குறைத்தன. மருந்து மூளையின் பசிப் பகுதிகளை எட்டுகிறது, இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. 2021-இல் வெளிவந்த பெரிய சோதனையில் 68 வாரங்களில் செமாகுளூட்டைடு பெற்றவர்கள் சராசரியாக 14.9 சதவீத எடை இழந்தார்கள். வெற்று ஊசி பெற்றவர்கள் 2.4 சதவீதம். ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும் டிர்செபடைடு, அதிகபட்ச அளவில் 72 வாரங்களில் 20.9 சதவீதம் குறைத்தது.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வருகின்றன. எடையோடு தசையும் குறைகிறது. பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் ஏற்படலாம். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் இதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உணவைக் குறைத்து இளைத்தாலும், ஊசியால் இளைத்தாலும், விட்டவுடன் எடை ஏன் திரும்புகிறது?

பஞ்ச கால மணி அடிப்பதால்தான். 2011-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்தார்கள். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. லெப்டின் விழுந்தது, கிரெலின் ஏறியது, நிறைவு ஹார்மோன்கள் குறைந்தன, பசி கூடியது. இதில் வியப்பில்லை. ஆனால் ஓராண்டு கழித்து, எடை ஓரளவு திரும்பிய பிறகும், அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. உடல் தான் இழந்ததை மறப்பதில்லை. செமாகுளூட்டைடை நிறுத்தியவர்கள் ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் நோயாளியின் பலவீனம் என்பதில்லை. எடைக்கும் அதே நியாயம் வேண்டும்.

தூக்கம் கெட்டால் பசி கூடுமா?

கூடும். 2004-இல் சிகாகோ ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமான 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கினார்கள். லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான், எனினும் தூக்கமின்மை பசியைக் கூட்டும் என்பதைப் பிந்தைய சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

லெப்டின் மாத்திரை என்று விற்கிறார்களே, பயன் உண்டா?

இல்லை. லெப்டின் ஒரு புரதம். விழுங்கினால் மற்றப் புரதங்களைப்போலச் செரித்துப்போகும். அதனால்தான் ஊசியாகக் கொடுக்கிறார்கள்.

குழந்தை அடங்காத பசியோடு பருக்கிறது. பரிசோதிக்க வேண்டுமா?

ஐந்து வயதுக்கு முன்பே கடுமையாகப் பருத்து, சாப்பிட்ட பிறகும் உணவைத் தேடி அலையும் குழந்தை என்றால் கட்டாயம் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். லெப்டினை இரத்தத்தில் அளக்கலாம். லெப்டின் இயல்பாக இருந்தாலும், அதன் சேதியை ஹைப்போதலாமஸுக்குள் கடத்தும் வழியில் பிழை இருக்கலாம். எம்சி4ஆர் என்ற ஏற்பியில் பிழை இருந்தால் பருமன் வரும் என்று 1998-இல் தெரிந்தது. மிகச் சிறு வயதிலேயே கடுமையாகப் பருத்தவர்களில் மரபணுக் காரணம் கண்டறியப்படும்போது அடிக்கடி தென்படுவது இதுதான். லெப்டின் ஏற்பி போன்ற சில பிழைகளுக்கு செட்மெலனோடைடு என்ற ஊசி 2020 முதல் இருக்கிறது. பரிசோதனை முடிவு வரும்வரை அந்தக் குழந்தையைத் திட்டாதீர்கள். உண்மையிலேயே அதற்குப் பசிக்கிறது.